65 ஆட்டம் ஆடினால்தான் விருதா?

விளையாட்டுக் காயங்களுக்குச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட் நான். என்னிடம் வரும் கூடைப்பந்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.மேல் பைத்தியங்கள். ஏப்ரல் வந்தால் எம்.வி.பி. (சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது) யாருக்கு என்று சிகிச்சை மேசையில் படுத்தபடியே சண்டை போடுவார்கள். எனக்கோ 2023-24 சீசனில் வந்த 65 ஆட்ட விதிமேல்தான் கண்.

சீசனில் ஓர் அணி ஆடும் 82 ஆட்டங்களில் குறைந்தது 65 ஆடியிருந்தால்தான் எம்.வி.பி., சீசனின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலான ஆல் என்.பி.ஏ. அணி போன்றவற்றுக்குப் பெயர் எடுத்துக்கொள்ளப்படும். ஓர் ஆட்டம் கணக்கில் சேர 20 நிமிடம் களத்தில் இருக்க வேண்டும். இரண்டு ஆட்டங்களுக்கு மட்டும் 15 நிமிடம் போதும். நட்சத்திரங்கள் நினைத்தபோது ஓய்வெடுக்கிறார்கள், டிக்கெட் வாங்கி வந்தவர் ஏமாறுகிறார் என்ற புகாரில் பிறந்த விதி. புகார் நியாயம்தான், தீர்வுதான் சரியில்லை.

காயத்திலிருந்து திரும்புபவரை நாங்கள் ஒரேயடியாக இறக்கிவிடுவதில்லை. முதலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், மறுநாள் தசை எப்படி இருக்கிறது என்று பார்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவோம். இந்த விதியில் அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மதிப்பே கிடையாது. ஆடினால் 20, இல்லையென்றால் பூஜ்யம்.

இந்தியானா பேசர்ஸ் அணியின் டைரீஸ் ஹாலிபர்ட்டனுக்கு 2024 ஜனவரியில் ஹாம்ஸ்ட்ரிங்கில், அதாவது தொடையின் பின்பக்கத் தசையில், காயம். சீக்கிரமே திரும்பினார், மறுபடி உட்கார வேண்டியதாயிற்று. அப்புறம் வந்தபோது 20 நிமிடத்தைச் சற்றே தாண்டிய அளவில் ஆடினார். ஆல் என்.பி.ஏ. அணியில் இடம் கிடைத்தால் அவருடைய ஒப்பந்தம் ஏறத்தாழ 4.1 கோடி டாலர் கூடும். கடைசியில் 69 ஆட்டம் ஆடி அதை வாங்கியும் விட்டார். விதியை அவரே வெளிப்படையாகத் திட்டினார். ஒருமுறை காயம்பட்ட ஹாம்ஸ்ட்ரிங் திரும்பிய முதல் சில வாரங்களில் மறுபடி பிய்யும் வாய்ப்பு அதிகம் என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அத்தனை பணம் எதிரே இருக்கும்போது எந்த டாக்டர் பேச்சு எடுபடும்?

முன்பு இப்படி இல்லை. 1978இல் போர்ட்லாந்து அணியின் பில் வால்ட்டன் எம்.வி.பி. ஆனபோது ஆடியிருந்தது 58 ஆட்டம்தான். அன்று வாக்களித்தவர்கள் சக ஆட்டக்காரர்கள். 58 போதும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. ஆட்டத்துக்கு 33 நிமிடம் என்றால் 1,900 நிமிடத்தைத் தாண்டும். இன்றைய விதியில் 65 ஆட்டம், தலா 20 நிமிடம், மொத்தம் 1,300 நிமிடம் ஆடியவருக்குத் தகுதி உண்டு, வால்ட்டனுக்கு இல்லை! அதே ஆண்டு பிளேஆஃபில் (82 ஆட்டங்களுக்குப் பிறகு வரும் வெளியேற்றச் சுற்றுகள்) வலி தெரியாமலிருக்க ஊசி போட்டுக்கொண்டு ஆடிய அவருடைய பாத எலும்பு முறிந்ததையும் சொல்லிவிட வேண்டும்.

என்னைக் கேட்டால், ஆட்டங்களை எண்ணாமல் சீசன் முழுக்க ஆடிய நிமிடங்களைக் கூட்டலாம். பன்னிரண்டு நிமிடமும் அதில் சேரும். சம்பளத்தை, இன்று இந்த விருதுகளைத் தீர்மானிக்கும் பத்திரிகையாளர்களின் வாக்கோடு முடிச்சுப் போட்டிருப்பதையும் அவிழ்த்துவிடலாம்.

பிளேஆஃபுக்கு முன்பே வாக்கெடுப்பை முடிப்பது மட்டும் எனக்குச் சரியாகவே படுகிறது. 2007இல் எம்.வி.பி. விருதை டர்க் நோவிட்ஸ்கி வாங்கியபோது, 67 வெற்றி கண்ட அவருடைய டாலஸ் அணி முதல் சுற்றிலேயே வெளியேறியிருந்தது. சங்கடம்தான். ஆனால் விருது அந்த 82 ஆட்டங்களுக்கானது. இறுதிச் சுற்றுக்கென்று 1969 முதல் தனி எம்.வி.பி. இருக்கிறதே.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு டாலர் இல்லை, ஸ்போர்ட்ஸ் கோட்டா சான்றிதழ் இருக்கிறது. அவசரம் மட்டும் அதேதான். நடக்கும்போது வலியில்லை என்பதால் தசை ஆறிவிட்டதாக அர்த்தமில்லை. முழு வேகத்தில் ஓடி, சட்டென்று நின்று, திரும்பிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் இறுக்கம் இல்லையென்றால் பயிற்சியாளரிடம் பத்து நிமிடம் மட்டும் கேளுங்கள். மறுத்தால் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.