ஜன்னல் கண்ணாடியில் விரிசல் ஏன் ஓடுகிறது? கடலோர வீடுகளில் அதைச் சரிசெய்வது எப்படி?

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் ஜன்னல் கண்ணாடியில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல் விழுந்தால், பலரும் அதன்மேல் செல்லோ டேப்பை ஒட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் விரிசல் டேப்பைத் தாண்டி ஓடியிருக்கும். யாரும் கல் எறிந்திருக்க மாட்டார்கள், ஜன்னல் காற்றில் அடித்திருக்கவும் செய்யாது. தானாக ஓடியதுபோலத் தெரியும். உண்மையில் அதை ஓட்டுவது தண்ணீர். பல வீடுகளில் அதைத் தொடங்கிவைப்பது ஜன்னல் சட்டத்தில் ஏறிய துரு. இந்த இரண்டையும் விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும் மாற்றினால், புதுக் கண்ணாடியும் அதே மூலையில்தான் விடும்.

ஜன்னல் கண்ணாடியின் எடையில் 70 சதவீதத்துக்குச் சற்று மேல் மணலிலிருந்து கிடைக்கும் சிலிக்கா. மீதியில் பெரும்பகுதி சோடாவும் சுண்ணாம்பும். சிலிக்கானுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே உள்ள பிணைப்பு மிக வலுவானது. அதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால், கண்ணாடியை உடைக்கவே பெரும்பாடு பட வேண்டும். நிஜத்தில் அது எளிதில் உடைவதற்கான காரணத்தை ஆலன் ஆர்னால்ட் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1921இல் வெளியான ஆய்வுக்கட்டுரையில் விளக்கினார். எந்தக் கண்ணாடியின் மேற்பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் இருக்கும். கண்ணாடியை இழுக்கும் விசை எல்லா இடத்திலும் சமமாகப் பரவாமல் அந்தக் கீறல்களின் முனையில் வந்து குவிகிறது. புதுத் துணியைக் கையால் கிழிக்க முடியாது; ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு வைத்துவிட்டால் சரசரவென்று கிழியும். அதே கதைதான். இரும்பாக இருந்தால் கீறலின் முனை கொஞ்சம் நெளிந்து மழுங்கும், விசை தணியும். கண்ணாடிக்கு நெளியத் தெரியாது.

இப்போது தண்ணீருக்கு வருவோம். விரிசலின் முனையில் இழுபட்டு நிற்கும் சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்போடு ஒரு நீர் மூலக்கூறு வினைபுரிந்தால் அந்தப் பிணைப்பு அறுந்துபோகும். அறுந்த இரு முனைகளிலும் நீரின் துண்டுகள் ஒட்டிக்கொள்ளும். விரிசல் ஒரு பிணைப்பின் தூரம் முன்னேறும். பிறகு அடுத்த பிணைப்பு. கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் தெரியாது. நாள் கணக்கில், வாரக் கணக்கில்தான் தெரியும். உலர்ந்த காற்றில் அசையாமல் நிற்கக்கூடிய விரிசல் ஈரக் காற்றில் ஊர்ந்துகொண்டே இருப்பது இதனால்தான். அப்படி ஊர்ந்து ஊர்ந்து நீளம் ஓர் அளவைத் தாண்டிவிட்டால், அதன்பிறகு தண்ணீரின் உதவி தேவையில்லை. நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் வேகத்தில் பாய்ந்து மறுகரையைத் தொட்டுவிடும். ராத்திரியில் ‘டப்’பென்று கேட்கும் சத்தம் அதுதான்.

ஈரக்காற்று எல்லா ஊரிலும் உண்டு. இந்தக் கரையில் கூடுதலாக இருப்பது உப்பு. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் பார்த்த ஜன்னலிலும், வாடைக் காலத்தில் வடகடல் பார்த்த ஜன்னலிலும் கையை வைத்துத் தேய்த்தால் பிசுபிசுக்கும். சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டியதும் தானே நீர்த்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு சுமார் 33 சதவீத ஈரத்திலேயே தண்ணீரை இழுக்கத் தொடங்கும். ஆக, மழையே பெய்யாத நாளிலும் விரிசலின் வாய் நனைந்துதான் கிடக்கிறது. டேப் ஒட்டுவதால் பெரிய பயன் இல்லாததும் இதனால்தான். துண்டுகள் கீழே விழாமல் டேப் பிடித்துவைக்கும், ஈரத்தைத் தடுக்காது. உப்புப் படிந்த கண்ணாடியில் ஒழுங்காக ஒட்டவும் செய்யாது.

விரிசலின் வடிவத்தைப் பார்த்தே அது வந்த வழியைச் சொல்லிவிடலாம். ஒரு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் கால் நீட்டியிருந்தால் ஏதோ பட்டிருக்கிறது: கல், பந்து, தென்னை மட்டை. விளிம்பிலிருந்து செங்குத்தாகப் புறப்பட்டு, கொஞ்ச தூரம் நேராக வந்து, பிறகு வளைந்து நெளிந்து போனால் அது வெயிலின் வேலை. கண்ணாடியின் நடுப்பகுதி வெயிலில் காய்கிறது. சட்டத்துக்குள் மறைந்திருக்கும் விளிம்பு குளிர்ந்தே இருக்கிறது. ஒரு மீட்டர் கண்ணாடி 40 டிகிரி சூடேறினால் 0.36 மில்லிமீட்டர் நீளும். நடு நீள, விளிம்பு நீளாமல் நிற்க, விளிம்பு இழுபடும். சாதாரணக் கண்ணாடி இந்த 40 டிகிரி வித்தியாசத்துக்கே விரிந்துவிடக்கூடும். வெட்டிய விளிம்பு பிசிறாக இருந்தால் அதற்கும் முன்பே. வெயில் உறைக்கும் மேற்கு ஜன்னலில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஃபிலிம் வெப்பத்தை உறிஞ்சிக் கண்ணாடிக்கே கொடுக்கும்.

மூன்றாவது வகைதான் இங்கே அதிகம். விரிசல் ஒரு மூலையிலிருந்தோ, சட்டத்தின் ஓரத்தில் பெயிண்ட் உப்பியிருக்கும் இடத்திலிருந்தோ தொடங்கும். அந்தப் பெயிண்டை ஆணியால் சுரண்டினால் செதில் செதிலாகத் துரு உதிரும். இரும்பு துருப்பிடிக்கும்போது அதன் கன அளவு இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்குவரை பெருகும். இரும்புச் சட்டத்தில் கண்ணாடிக்கு விட்ட இடைவெளியே இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான். அந்த இடத்தைத் துரு அடைத்து, கண்ணாடியின் விளிம்பை அழுத்தும். மரச்சட்டமும் தப்பாது. கண்ணாடியைப் பிடிக்க அடித்த சின்ன இரும்பு ஆணிகள் துருவேறி வீங்கி, விளிம்பை நெரிக்கும்.

எதை ஒட்டலாம், எதை மாற்றியே ஆக வேண்டும்? ஒற்றை விரிசல், ஒரு சாண் நீளத்துக்குள், புதிது, சட்டத்தில் துரு இல்லை என்றால் ரெசின் என்ற பிசினை ஊற்றி நிறுத்திப் பார்க்கலாம். இரண்டு விரிசல்கள் சந்தித்து நடுவில் ஒரு முக்கோணத் துண்டு தனியாக நின்றால் ஒட்டும் பேச்சே வேண்டாம். மூலையில் சின்ன முத்திரை பதித்த, சூடேற்றி வலுவூட்டிய டஃபண்ட் கண்ணாடியில் விரிசல் என்ற நிலையே கிடையாது. விட்டால் மொத்தமும் பொடிதான். மாடியில் கடலைப் பார்த்த ஜன்னலாக இருந்தால், விரிசல் சின்னதாக இருந்தாலும் மாற்றிவிடுவது நல்லது. மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று, ஒரு சதுர மீட்டர் கண்ணாடியை ஏறக்குறைய 47 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். காற்று வேகம் இரட்டித்தால் அழுத்தம் நாலு மடங்காகும். ஒட்டிய கண்ணாடிக்குப் பழைய பலம் முழுதாகத் திரும்புவதில்லை.

ஒட்டுவதற்கு ஃபெவிக்விக் வேண்டாம். தண்ணீர்போல இறங்கிவிடும் என்பது சரிதான். ஆனால் ஈரக் காற்றில் விரிசலின் இருபுறமும் வெள்ளைப் புகைபோலப் படியும். தொடர்ந்து நனைந்தால் பிடிமானமும் போகும். கார் முன்கண்ணாடிக்கு விற்கிற, புற ஊதா ஒளியில் இறுகும் ரெசின்தான் பொருத்தம். விரிசல் கண்ணுக்குத் தெரிவதே அதற்குள் இருக்கும் காற்றால்தான். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.52, இந்த ரெசின்களுக்கும் ஏறத்தாழ 1.5. காற்று இருந்த இடத்தில் ரெசின் நிறைந்தால் ஒளி சிதறாது, கோடு பெரும்பாலும் மறைந்துவிடும்.

கஷ்டம் ஊற்றுவதில் இல்லை, சுத்தம் செய்வதில் இருக்கிறது. உள்ளே புகுந்து காய்ந்த உப்பு அங்கேயே கிடந்தால் ரெசின் கண்ணாடியில் பிடிக்காது. போர் தண்ணீரால் கழுவாதீர்கள். பல இடங்களில் அதுவே உவர்ப்பு. பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி தண்ணீரை விரிசல்மேல் மூன்று நான்கு முறை விட்டு, ஒவ்வொரு முறையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுங்கள். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால் இரண்டு முறை. ஒரு நாள் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறிக் காற்றில் உலர விடுங்கள். முடி உலர்த்தியைக் கிட்டே பிடித்தால் அந்தச் சூடே விரிசலை ஓட்டிவிடும். ஓர் அடி தள்ளி, மிதமான சூட்டில், அசைத்துக்கொண்டே காட்டலாம்.

வெளிப்பக்கம் விரிசல்மேல் டேப் ஒட்டிக்கொண்டு உள்பக்கத்திலிருந்து ரெசினை விடுங்கள். விளிம்பிலிருந்து தொடங்கி முனையை நோக்கி, ஒரே திசையில். இரண்டு முனையிலும் விட்டால் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். எவ்வளவு வேண்டும் தெரியுமா? 15 சென்டிமீட்டர் நீளம், 4 மில்லிமீட்டர் கனம், 0.02 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்தால் 12 கன மில்லிமீட்டர். ஒரு சொட்டுக்கும் குறைவு. மீதியெல்லாம் வழிந்து வீணாகும். வெளிச்சக் கோடு மெல்ல அழிந்துகொண்டே முனைவரை போவது கண்ணுக்குத் தெரியும். அது நின்ற இடத்தில் விரல் நுனியால் மெதுவாக அழுத்தி விட்டால் மறுபடி நகரும். முனையை ரெசின் தொட்டதா என்று பார்ப்பது முக்கியம். தொடாவிட்டால் வேலை செய்ததற்கே அர்த்தமில்லை, ஏனென்றால் ஓடப்போவது அந்த முனைதான். பிறகு ரெசின் பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டால் மேற்பரப்பு இறுகாமல் பிசுபிசுக்கும். காலை வெயிலில் 15 முதல் 20 நிமிடம் போதும். உச்சி வெயில் வேண்டாம். ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியில் ஃபிலிம் பக்கமிருந்து புற ஊதா வராது என்பதையும் நினைவில் வையுங்கள். கடைசியில் பிளேடைச் சாய்த்துப் பிடித்து மேலே நிற்பதைச் சீவிவிடலாம்.

மாற்றுவதாக இருந்தால், முதலில் பழைய கண்ணாடி முழுவதும் குறுக்கும் நெடுக்குமாக டேப். தோல் கையுறை, செருப்பு, கண்ணுக்கு மூடி. மரப் பீடிங்கை, அதாவது கண்ணாடியைப் பிடித்திருக்கும் மெல்லிய மரச் சட்டத்தை, நீளமான பக்கத்தின் நடுவில் உளியை விட்டு நெம்ப வேண்டும். மூலையில் நெம்பினால் பீடிங் பிளக்கும். துண்டுகளை மேலிருந்து கீழாக எடுங்கள். கீழ்த்துண்டை முதலில் உருவினால் மேலே தொங்குவது கத்திபோல மணிக்கட்டில் இறங்கும்.

சட்டம்தான் உண்மையான வேலை. கம்பி பிரஷால் துருவை வெள்ளை இரும்பு தெரியும்வரை தேயுங்கள், பிறகு உப்புத்தாள். பலரும் இங்கேயே பிரைமர் அடித்துவிடுவார்கள். அடித்தால் அடுத்த மழைக்காலத்துக்குள் அதே இடம் உப்பும். துருக்குழிக்குள் குளோரைடு இருக்கிறது. பெயிண்டுக்கு அடியிலும் அது ஈரத்தை இழுக்கும். நல்ல தண்ணீரில், வீட்டுக்கு வரும் காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ, இரண்டு மூன்று முறை கழுவித் துடைத்து, வெயிலில் முழுக்கக் காயவிட்டு, அன்றைக்கே எபாக்சி ஜிங்க் பிரைமர் அடியுங்கள். மறுநாள் இரண்டாவது கோட். மரச்சட்டத்தில் காடியை, அதாவது கண்ணாடி உட்காரும் பள்ளத்தை, ஒரு முறை பிரைமர் பூசி மூட வேண்டும், இல்லையென்றால் கண்ணாடியைப் பதிக்கும் பட்டியிலுள்ள எண்ணெயைக் காய்ந்த மரம் குடித்துவிடும். பட்டி வெடித்து உதிரும்.

அளவெடுக்கும்போது காடிக்குள் நீளத்தையும் அகலத்தையும் மூன்று இடங்களில் பார்த்து, சிறிய அளவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பக்கத்துக்கு ஒரு நூல், அதாவது சுமார் 3 மில்லிமீட்டர், குறைத்துக் கடையில் சொல்லுங்கள். ‘டைட்டா இருக்கட்டும்’ என்று சரியான அளவுக்கே வெட்டி வாங்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டடிக்கு ஒன்றரை அடி ஜன்னலுக்கு 4 மில்லிமீட்டர் போதும், எடை மூன்று கிலோவுக்குள். அதைவிடப் பெரிதாகவோ கடல் பார்த்தோ இருந்தால் 5. விளிம்பைக் கல்லில் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். கிரிஃபித் சொன்ன கீறல்கள் அதிகம் இருப்பது வெட்டிய விளிம்பில்தான். ஒரு பக்கம் புள்ளிப் புள்ளியாக மேடுபள்ளம் உள்ள பின்ஹெட் கண்ணாடியாக இருந்தால் வழவழப்பான பக்கம் வெளியே வரட்டும், பள்ளங்களில் உப்புத் தங்காது.

காடியில் 2–3 மில்லிமீட்டர் பட்டி வரிசையாக இடுங்கள். ஆளிவிதை எண்ணெய்ப் பட்டியை வீட்டிலேயே பிசையலாம்: ஒரு கிலோ சாக் பவுடருக்கு 150 முதல் 190 மில்லி காய்ச்சிய எண்ணெய், கையில் ஒட்டாத சப்பாத்தி மாவுப் பதம். இது மரத்துக்குத்தான். இரும்பு எண்ணெயை உறிஞ்சாது, அதனால் பட்டி நாள் கணக்கில் பச்சையாகவே நிற்கும். அங்கே சிலிக்கான் போடுங்கள். அதிலும் நியூட்ரல் என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள். காயும்போது வினிகர் வாசனை அடிக்கும் மலிவான வகை அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. இரும்புச் சட்டத்துக்கு நாமே அமிலம் பூசிய மாதிரி ஆகிவிடும்.

கண்ணாடி இரும்பையோ மரத்தையோ நேரடியாகத் தொடக்கூடாது. கீழ்க்காடியில் இரண்டு ரப்பர் துண்டுகளை, இரு ஓரத்திலிருந்தும் அகலத்தில் கால் பங்கு தள்ளி வைத்து அதன்மேல் கண்ணாடியை நிறுத்துங்கள். ஓரங்களை மட்டும் அழுத்த வேண்டும், நடுவில் கை வைக்கக் கூடாது. மரத்தில் பித்தளை ஆணி அல்லது ஸ்டெயின்லெஸ் ஆணி. வெளிப்பட்டியைச் சரிவாகச் சீவிவிட்டால் தண்ணீர் நிற்காது. பட்டியின் மேல்தோல் இறுக ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதன்பிறகு பெயிண்ட் அடிக்கும்போது பிரஷ் கண்ணாடிமேல் 2 மில்லிமீட்டர் ஏறட்டும். பட்டிக்கும் கண்ணாடிக்கும் இடையே உள்ள முடியளவு இடுக்கை மூடுவது அந்த 2 மில்லிமீட்டர்தான். அழகுக்காக அதைச் சுரண்டிவிடும் பெயிண்டர்களைத் தடுத்து நிறுத்துங்கள்.

அலுமினியச் சறுக்கு ஜன்னல்களில் இவ்வளவு பாடு இல்லை. ரப்பர் பீடிங்கை உருவி, கண்ணாடியை மாற்றி, பீடிங் விறைத்திருந்தால் புதிது போட வேண்டியதுதான். அடிச்சட்டத்தில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். மணலும் உப்பும் அடைத்தால் கண்ணாடியின் கீழ்விளிம்பு நாள் முழுக்க உப்புநீரில் ஊறும். ஒரு கம்பியை விட்டுக் குத்தி, ஒரு குவளை நல்ல தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வெளியே வடியவில்லை என்றால் இன்னும் அடைப்பு இருக்கிறது.