எடுத்து வாசிக்கும் முன், இறந்த வருடத்தைப் பாருங்கள்

என்னிடம் பியானோ கற்கும் மாணவன் ஒருவன், தன் பேண்டின் முதல் பாட்டை ரிலீஸுக்கு ஒரு வாரம் முன்பு கொண்டுவந்து போட்டுக் காட்டினான். நடுவில் டிரம்ஸ் ஒதுங்கி, கீபோர்டு மட்டும் வரும் இடம். வலது கை முழுக்க வெள்ளைக் கட்டைகளில், இடது கை முழுக்கக் கறுப்புக் கட்டைகளில். இரண்டும் உரசிக்கொண்டு ஓட, ஆர்கன் சத்தம் பிய்த்துக்கொண்டு வந்தது. நாலு தாளச் சுற்று போவதற்குள் தெரிந்துவிட்டது. அர்ஜென்டினா இசையமைப்பாளர் ஹினாஸ்டேரா 1937இல் பியானோவுக்கு எழுதிய 'அர்ஜென்டினா நடனங்கள்' மூன்றில் முதலாவது. அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

"நல்லாத்தான் இருக்கு. யார்கிட்ட அனுமதி கேட்டே?"

"கிளாசிக்கல்தானே சார். பழசு. யார்கிட்ட கேட்கணும்?"

அவனைத் திட்ட மனம் வரவில்லை. 300 வருட இசையை 'கிளாசிக்கல்' என்ற ஒரே டப்பாவில் போட்டு அடைத்துக் கொடுப்பது எங்களைப் போன்ற ஆசிரியர்கள்தான். பாக் இறந்தது 1750இல். ஹினாஸ்டேரா இறந்தது 1983இல். இந்தியாவில் ஓர் இசையமைப்பாளர் இறந்த வருடத்துக்குப் பிறகு 60 வருடம் பதிப்புரிமை உண்டு, பிரிட்டனில் 70. அதாவது ஹினாஸ்டேராவின் இசை இங்கே 2043 முடியும் வரை பாதுகாப்பில் இருக்கிறது. பாக்கை இன்று யாரிடமும் கேட்காமல் வாசிக்கலாம், மாற்றலாம், ரெக்கார்டு பண்ணலாம்.

புரோகிரெசிவ் ராக், அதாவது கிளாசிக்கல் மாதிரி நீளமும் சிக்கலுமான ராக் இசையில் கீபோர்டு வாசிப்பவர்கள் எல்லாருக்கும், கிளாசிக்கலை எடுத்து வாசிக்கும் இந்த ஆசை வரும். வரவேண்டும் என்றுதான் நினைக்கிறேன், நானே அந்த வழியாகத்தான் பார்ட்டோக்கிடம் போனேன். எமர்சன், லேக் அண்ட் பாமர் என்ற பிரிட்டிஷ் ராக் பேண்ட் 1970இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தின் முதல் டிராக் 'தி பார்பேரியன்'. அது ஹங்கேரியின் பேலா பார்ட்டோக் 1911இல் பியானோவுக்கு எழுதிய 'அலெக்ரோ பார்பரோ'. பியானோவைத் தாள வாத்தியம் மாதிரி அடித்து வாசிக்க வேண்டிய இசை. ஆனால் ஹம்மண்ட் ஆர்கனில் கட்டையை மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் சத்தத்தின் அளவு ஒன்றுதான். பேண்டின் கீபோர்டு கலைஞர் கீத் எமர்சன் என்ன செய்தார்? அந்த அடியை ஃபஸ் (சத்தத்தைக் கரகரப்பாக்கும் கருவி) போட்ட பாஸ் கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் பகிர்ந்து கொடுத்தார். நடுப்பகுதிக்கு மட்டும் பியானோவில் உட்கார்ந்தார். வகுப்பில் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுவேன். ஓர் இசையை இன்னொரு வாத்தியக் குழுவுக்கு மாற்றி அமைப்பது எவ்வளவு யோசனை பிடிக்கும் வேலை என்று அந்தச் சில நிமிடங்களில் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

அதே ஆல்பத்தில் 'நைஃப் எட்ஜ்' என்று ஒரு பாட்டு. அதன் மெட்டு, செக் இசையமைப்பாளர் யானாச்செக் 1926இல் எழுதிய சின்ஃபோனியெட்டாவின் தொடக்கத்தில் டிரம்பெட்டுகள் முழங்குகிற பகுதி. பாட்டின் நடுவில் ஆர்கனில் வருவதோ பாக்கின் முதல் பிரெஞ்சு சூட்டில் (நடன இசைகளின் தொகுப்பு) இருந்து ஒரு துண்டு. கேட்பவர் காதுக்கு இரண்டும் 'பழைய இசை'தான். சட்டத்துக்கு அப்படி இல்லை. அன்று பிரிட்டனில் 50 வருடக் கணக்கு. 1928இல் இறந்த யானாச்செக்கின் உரிமை முடிய இன்னும் 8 வருடம் இருந்தது. 1945இல் இறந்த பார்ட்டோக்குக்கு இன்னும் 25 வருடம். ஆல்பம் முதலில் வந்தபோது அதில் பார்ட்டோக் பெயரும் இல்லை, யானாச்செக் பெயரும் இல்லை. பார்ட்டோக் தரப்பிலிருந்து கேள்வி வந்தது. பிந்தைய பதிப்புகளில் பெயர்கள் சேர்ந்தன.

மூன்று வருடம் கழித்து அதே எமர்சன் சரியாகச் செய்தார். அப்போது அவர் எடுத்துக்கொண்டது ஹினாஸ்டேராவை, முதல் பியானோ கான்செர்ட்டோவின் நான்காம் பகுதியை. இசையமைப்பாளர் உயிரோடு ஜெனீவாவில் இருந்தார். எமர்சன் டேப்போடு அங்கேயே போய் அவருக்குப் போட்டுக் காட்டினார். சின்தசைசரும் டிரம்ஸுமாக மாறியிருந்த தன் இசையைக் கேட்டு ஹினாஸ்டேரா சம்மதித்தார். 1973 ஆல்பத்தில் 'டொக்காட்டா' என்ற பெயரில் அது வந்தது. இறந்துபோன ஒருவரிடம் கேட்க முடியாது, இருப்பவரிடம் கேட்கலாமே.

இறந்த வருடம் பார்த்தாகிவிட்டது, சரி. அப்புறம் உங்கள் கையில் இருப்பது யாருடைய வடிவம் என்றும் பாருங்கள். 'பிக்சர்ஸ் அட் அன் எக்ஸிபிஷன்' முசோர்க்ஸ்கி 1874இல் பியானோவுக்கு எழுதியது. பலரும் கேட்டிருப்பது ராவெல் 1922இல் ஆர்கெஸ்ட்ராவுக்கு மாற்றியது. முசோர்க்ஸ்கி இறந்தது 1881இல், ராவெல் 1937இல். ஒரே இசைக்கு இரண்டு கணக்கு. இணையத்தில் இறக்கிய மிடி ஃபைலும் (எந்த ஸ்வரம் எப்போது என்று கீபோர்டுக்குச் சொல்லும் ஃபைல்) இப்படித்தான்: யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்த வேலை அது. அதில் சவுண்டை மட்டும் மாற்றி "நான் வாசித்தது" என்று போடாதீர்கள். பாக்கை நீங்களே வாசித்து ஏற்றிய வீடியோவுக்கு யாராவது உரிமை கோரினால் மட்டும் பயப்பட வேண்டாம்; வேறொருவரின் ரெக்கார்டிங் என்று மெஷின் தப்பாகப் பொருத்தியிருக்கும். சொந்த வாசிப்பு, உரிமை முடிந்த இசை என்று பதில் எழுதுங்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கீபோர்டு வாசிப்பவர்கள் இழப்பது பெரும்பாலும் இங்கேதான். புரோகோல் ஹாரம் என்ற பிரிட்டிஷ் பேண்ட் 1967இல் வெளியிட்ட 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாட்டின் ஆர்கன் பகுதியில் பாக்கின் சாயல் நன்றாகவே தெரியும். ஆனால் அந்த மெட்டு, வாசித்த மேத்யூ ஃபிஷர் உருவாக்கியது. பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. 2005இல் வழக்குப் போட்டார். 2006இல் உயர் நீதிமன்றம் இசை உரிமையில் 40 சதவீதம் கொடுத்தது. மேல்முறையீட்டில் பணம் கிடையாது என்றானது. 2009இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பாட்டு வந்து 42 வருடம்! ரெக்கார்டிங் முடிந்த அன்றே யார் எதை எழுதினார் என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தால் அவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது. என் மாணவர்களிடம் அந்தத் தாளைக் கட்டாயம் கேட்கிறேன்.

அந்தப் பையன் ரிலீஸைத் தள்ளிவைத்தான். ஹினாஸ்டேரா இசையின் பதிப்பாளருக்கு அனுமதி கேட்டு மெயில் எழுத நானும் உதவினேன், பதில் இன்னும் வரவில்லை. போன சனிக்கிழமை வேறொன்றை வாசித்துக் காட்டினான். வலது கை வெள்ளைக் கட்டை, இடது கை கறுப்புக் கட்டை என்ற யோசனை அப்படியே இருந்தது. அந்த யோசனைக்கு யார் உரிமையும் கிடையாது. ஸ்வரங்கள் எல்லாம் அவனுடையவை. இடது கை மட்டும் இன்னும் கொஞ்சம் தடுமாறுகிறது. வேகத்தைக் குறைத்து மெட்ரோனோம் வைத்து வாசித்துவிட்டு வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.