சினிமாவில் சாவதுபோல் வீட்டில் யாரும் சாவதில்லை

தமிழ் சினிமாவில் யாரும் பேசாமல் சாவதில்லை. மார்பில் மூன்று தோட்டா வாங்கியவர் நண்பனின் மடியில் தலைவைத்து, தங்கையை யாருக்குக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்பது வரை சொல்லி, சத்தியமும் வாங்கிக்கொண்டு, அதன்பிறகே தலையைச் சாய்ப்பார். தொலைக்காட்சித் தொடர் என்றால் வேறு வகை. ஐ.சி.யு. கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும். டாக்டர் வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றி, "இருபத்து நான்கு மணி நேரம் போனால்தான் எதுவும் சொல்ல முடியும்" என்பார். உள்ளே பச்சைக் கோடு நேர்கோடாகும். நெஞ்சில் இரண்டு முறை மின் அதிர்ச்சி கொடுத்ததும் கோடு துள்ளிக்கொண்டு எழும்.

கதைதானே, போகட்டும் என்று விட்டுவிடலாம். என்னால் முடிவதில்லை. நான் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சை மருத்துவர். இனிக் குணப்படுத்த வழியில்லை என்று பெரிய மருத்துவமனைகள் அனுப்பிவிட்டவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என் வேலை. காவிரிக் கரை ஊர்களில் நான் போகும் வீடுகளில் பெரும்பாலோர் முதன்முறையாக ஒரு மரணத்தைக் கிட்டத்தில் இருந்து பார்க்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் ஒரே அளவுகோல் திரையில் பார்த்த சாவு. அதன்படி நடக்காதபோது, எதோ தப்பாகிவிட்டது என்று பதறி, நள்ளிரவில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறார்கள்.

நேர்கோட்டுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துப் பயனில்லை என்பது மருத்துவப் படிப்பில் பாலபாடம். நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் சிகிச்சையை அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் எப்படிக் காட்டுகின்றன என்று ஆராய்ந்து, 1996இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. திரையில் 75 சதவீதம் பேர் அந்தக் கணத்தில் பிழைத்துக்கொண்டார்கள். 67 சதவீதம் பேர் வீடு திரும்புவதாகத் தெரிந்தது. நிஜத்தில், மருத்துவமனைக் கட்டிலிலேயே இதயம் நின்றவர்களில்கூடப் பெரும்பாலோர் வீடு திரும்புவதில்லை. உடம்பெங்கும் புற்று பரவிய எண்பது வயதுக்காரருக்கு அந்தச் சிகிச்சையில் மிஞ்சுவது பெரும்பாலும் முறிந்த விலா எலும்புதான்.

நம் பழைய கவிஞர்கள் இவ்வளவு பூசி மெழுகவில்லை. திருமந்திரத்தில் ஒருவர் சமைத்து வைத்ததைச் சாப்பிடுகிறார், மனைவியோடு கொஞ்சிப் பேசுகிறார், "இடப்பக்கமே இறை நொந்தது" என்கிறார், படுக்கவைக்கிறார்கள், முடிந்துவிடுகிறது. மாரடைப்பை நான்கே வரியில் இதைவிடத் துல்லியமாக எழுதிய நோயாளிக் குறிப்பு எதையும் நான் படித்ததில்லை. பெரியாழ்வார் இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்த்திருக்கிறார். "மேலெழுந்ததோர் வாயுக் கிளர்ந்து" மிடற்றை உள்ளிழுக்க, காலும் கையும் விதிர்விதிர்க்க, கண்ணுறக்கம் வருவதைச் சொல்கிறார். அதே பதிகத்தில் சுற்றம் கட்டிலைச் சூழ்ந்துகொள்கிறது. எங்கேயாவது பணத்தை வைத்திருந்தால் "சொல்லு சொல்லு" என்று கேட்கிறது. யார் கேட்டும் அவர் வாய் திறப்பதில்லை. சினிமாவில் கடைசி மூச்சு வரை வசனம். ஆழ்வாரிடம் வாயே திறக்காது. என் அனுபவத்தில் ஆழ்வார் சொல்வதுதான் சரி.

இப்படிப் பார்த்து எழுதிய சமூகம் எப்போது பார்ப்பதை விட்டது? சாவை நாம் மூடி வைப்பவர்களும் அல்லர். பஸ் நிலையச் சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி. தோற்றம், மறைவு என்று தேதி போட்டு, கறுப்புக் கண்ணாடியோடு சிரிக்கும் படம். தெருவில் பந்தல் விழுந்தால் எழவு வீடா, கல்யாண வீடா என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். கோடி யார் போட வேண்டும், நீர்மாலைக்கு யார் போக வேண்டும், ஐஸ் பெட்டிக்கு எந்த எண், பறைக்கு யார் என்று எந்தத் தெருவிலும் பத்துப் பேருக்கு மனப்பாடம். ஆனால் அதெல்லாம் உயிர் போன பிறகு நடப்பவை. போவதற்கு முந்தைய வாரம் எப்படி இருக்கும் என்று கேட்டால், அந்தப் பத்துப் பேரும் வாயடைத்து நிற்பார்கள். அந்த வாரத்தைத்தான் மருத்துவமனையிடம் ஒப்படைத்துவிட்டோமே.

அந்த வாரத்தைச் சொல்கிறேன். நீண்ட நாள் நோயில் இருப்பவருக்கு முதலில் சாப்பாடு குறையும். இட்லி கஞ்சியாகும், கஞ்சி இரண்டு கரண்டியாகும், பிறகு அதுவும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். வீட்டில் பெரிய சண்டையே இதில்தான் வரும். பட்டினி போட்டுக் கொல்கிறீர்களா என்று வந்துபோகும் உறவினர்கள் கேட்பார்கள். பசி அடங்குவது நோயின் போக்கு. யாரும் பட்டினி போட்டதால் வந்ததல்ல. இந்தக் கட்டத்தில் பாட்டில் பாட்டிலாக டிரிப்ஸ் ஏற்றினால் உடம்பு அதை ஏற்பதில்லை. கைகால் வீங்கும், நெஞ்சில் சளி கட்டும்.

பிறகு தூக்கம் கூடும். பகலும் இரவும் ஒன்றாகும். "உறங்குவது போலும் சாக்காடு" என்ற குறள் பிறவிச் சுழற்சியைப் பேசுவது. ஆனாலும் நான் பார்க்கும் மரணங்களில் பெரும்பாலானவை உறக்கம் கனத்து கனத்துப் போவதுதான். சிலர் இறந்துபோன அம்மா வாசலில் நிற்பதாகச் சொல்வார்கள், போர்வையைப் பிடித்துப் பிடித்து இழுப்பார்கள். அம்மாவைப் பார்ப்பவர் அமைதியாக இருந்தால் நான் மருந்து கொடுப்பதில்லை. மிரண்டால் மட்டும் கொடுப்பேன். சிலர் ஒருநாள் திடீரென்று எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார்கள். வெளியூர்ப் பிள்ளைகள் அன்றுதான் ரயில் டிக்கெட்டை ரத்து செய்வார்கள். செய்யாதீர்கள்.

கடைசி ஒன்றிரண்டு நாளில் கைகால் சில்லிடும், முழங்காலில் ஊதாப் புள்ளிகள் படரும். ஏழெட்டு மூச்சு வேகமாக வரும். பிறகு அரை நிமிடம் ஒன்றுமே இராது. முடிந்துவிட்டது என்று யாரோ கதறும்போது மறுபடி ஒரு பெருமூச்சு. தொண்டையில் எச்சில் தேங்கிக் கரகரவென்று சத்தம் கேட்கும். சுற்றி நிற்பவர்களைக் குலைத்துப்போடுவது இந்தச் சத்தம்தான். விழுங்கும் அனிச்சை போய்விட்டதால் வருவது அது. படுத்திருப்பவருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்தாலே பாதி அடங்கும். எச்சிலைக் குறைக்க ஊசியும் உண்டு. காது மட்டும் கடைசிவரை கேட்கக்கூடும். ஆகவே கட்டிலருகே சொத்துப் பேச்சு வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இழுத்துக்கொண்டிருக்கும் உயிர் பிரிய வாயில் பால் ஊற்றுவார்கள். அதற்கும் போகாவிட்டால் மண்ணாசை என்று நிலத்து மண்ணைக் கரைத்து ஊற்றுவார்கள். பொன்னாசை என்று காசு கழுவிய நீரை ஊற்றுவார்கள். விழுங்க முடியாதவருக்கு ஊற்றும் எதுவும் மூச்சுக்குழாய்க்குள் போகும். ஒரு வீட்டில் பெரிய அக்காள் பாலாடையோடு தயாராக நின்றார். "ஊற்றாவிட்டால் கட்டை வேகாது டாக்டரம்மா" என்றார். அவரோடு வாதாடி நான் என்ன சாதிக்கப்போகிறேன்? பஞ்சைத் திரித்துப் பாலில் தோய்த்துப் பிழிந்து அவர் கையில் கொடுத்து, "உதட்டில் தடவுங்கள் பெரியம்மா, அதுவும் பால்தானே" என்றேன். ஒரு நொடி யோசித்தார். பிறகு பேரப்பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு பஞ்சு பிழிந்து கொடுத்தது அவர்தான். வறண்ட உதட்டுக்கு மருத்துவரீதியாகவும் அதுவே நல்லது.

இன்னொரு வீடு. அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். வாசலிலேயே மகன் மறித்துக்கொண்டார். "அப்பாவிடம் புற்றுநோய் என்று சொல்லிவிடாதீர்கள். அல்சர் என்று சொல்லிவைத்திருக்கிறோம். தெரிந்தால் அன்றைக்கே போய்விடுவார்." உள்ளே பெரியவர் மனைவியைக் காபி போட அனுப்பிவிட்டு, தலையணைக்கு அடியிலிருந்து கணக்கு நோட்டை எடுத்தார். ஒத்திக்கு வைத்த நிலம், திருப்ப வேண்டிய தொகை, யாரிடம் பத்திரம் இருக்கிறது என்று பென்சிலில் எழுதியிருந்தார். "தை வரைக்கும் தாங்குமா அம்மா? அறுப்பு முடிந்தால் திருப்பிவிடலாம். பையனிடம் பேசலாம் என்றால் அவன் அழுதுவிடுகிறான். அதனால் அல்சர் என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன்." பெரியாழ்வார் காட்டிய கட்டிலில் சுற்றம் கேட்கிறது, போகிறவரால் சொல்ல முடியவில்லை. இங்கே போகிறவர் சொல்லத் துடிக்கிறார், கேட்கத்தான் ஆளில்லை. மகனை உள்ளே கூப்பிட்டு, அந்த நோட்டை மட்டும் வாசிக்கச் சொன்னேன். அல்சர் என்ற சொல் அதன்பிறகு அந்த வீட்டில் எழவில்லை.

வாய் திறக்க முடியாத நேரம் வரும் என்று தெரிந்ததால்தான் ஆழ்வார் "அப்போதைக்கு இப்போதே சொல்லிவைத்தேன்" என்று அரங்கனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார். மருத்துவத்துக்கும் அப்படி எழுதிவைக்கும் உரிமையை 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வரை கேட்டதால் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கினார்கள். 18 வயது நிறைந்து, தெளிந்த மனநிலையில் இருப்பவர், மீள வழியில்லாத நிலையில் வென்டிலேட்டர் போன்றவை தனக்கு வேண்டாம் என்று எழுதலாம். இரண்டு சாட்சிகள், ஒரு நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி போதும். தன் சார்பில் முடிவெடுக்க வேண்டியவர்களின் பெயரையும் அதில் குறிக்க வேண்டும். இதைக் கருணைக்கொலை என்று சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஊசி போட்டு உயிரை முடிப்பது இந்தியாவில் குற்றம். பயனற்ற கருவியைத் தவிர்ப்பது குற்றமல்ல.

கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் பற்றிய பயமும் கதைகளில் வளர்ந்ததுதான். கடைசியாகக் கொடுப்பது, கொடுத்தால் போய்விடுவார், போதைக்கு அடிமையாவார் என்பார்கள். வலியின் அளவறிந்து கொடுக்கும் மார்ஃபின் மாத்திரை ஆயுளைக் குறைப்பதில்லை. புற்றுநோய் வலிக்குச் சாப்பிடுபவர் அடிமையாவது அரிது. நிச்சயமாக வருவது மலச்சிக்கல். அதற்கு மருந்து சேர்த்துத் தராத டாக்டரிடம் தாராளமாகக் கோபித்துக்கொள்ளுங்கள். 2014இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி விதிகளைத் தளர்த்தியும், பல மருந்தகங்களில் இன்னும் கிடைப்பதில்லை. ஆதரவு சிகிச்சைப் பிரிவு இருக்கும் மருத்துவமனையில் கேட்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஆதரவு சிகிச்சைச் செவிலியர் வீட்டுக்கே வருகிறார். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கலாம்.

வீட்டில் இறந்தால் போலீஸ் வருமா, பிரேதப் பரிசோதனை உண்டா என்று பலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். சிகிச்சையில் இருந்தவர் நோயால் இறந்தால் இரண்டுக்கும் அவசியமில்லை. நள்ளிரவு என்றால் விடியும் வரை யாரையும் எழுப்பாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அவசரம் ஒன்றும் இல்லை. காலையில், கடைசியாகப் பார்த்துவந்த மருத்துவரிடம் இறப்புக்கான காரணத்தை எழுதி வாங்குங்கள். அதற்குப் படிவம் 4ஏ என்று பெயர். கிராமம் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடமும், நகரம் என்றால் நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகத்திலும் 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அந்தப் படிவத்தை எழுதித்தர மருத்துவர் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கட்டணம் வாங்கக் கூடாது என்று 1969ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது.