நீலம் பாரித்த குழந்தைக்குக் காய்ச்சலா? ஈஎஸ்ஆரை நம்பாதீர்கள்

பிறவி இதயக் குறைபாடுள்ள குழந்தைக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல் என்று வரும் பெற்றோர் பலர், "ஈஎஸ்ஆர் 2தான் டாக்டர், பயப்பட ஒன்றுமில்லையே?" என்று அறிக்கையை நீட்டுவார்கள். குழந்தையின் உதடும் நகமும் நீலமாக இருந்தால், அந்த 2 எனக்கு நிம்மதி தருவதில்லை.

ரத்தத்தைக் குழாயில் நிறுத்திவைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகின்றன என்று பார்ப்பதுதான் ஈஎஸ்ஆர். கிருமித்தொற்று போன்றவற்றால் உடலில் அழற்சி இருந்தால் ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்கள் கூடி, அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி வேகமாக இறங்கும். ஆனால் ஃபாலோட் டெட்ராலஜி போன்ற, உடலை நீலம் பாரிக்கச் செய்யும் பிறவி இதயக் குறைபாடுகளில், ஆக்சிஜன் பற்றாக்குறையை ஈடுகட்ட உடல் சிவப்பணுக்களை அதிகமாக உருவாக்குகிறது. ஹீமோகுளோபின் 18, 20 என்றுகூட ஏறிவிடும். நெருக்கியடித்து நிற்கும் அணுக்கள் எங்கே இறங்கும்? இதய வால்வில் கிருமி குடியேறியிருந்தாலும் ஈஎஸ்ஆர் 1, 2 என்றே வரக்கூடும்.

அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான சிஆர்பி அப்படியல்ல. கல்லீரல் உண்டாக்கும் இந்தப் புரதத்தை நேரடியாகவே அளக்கிறார்கள். சிவப்பணுக்களின் நெரிசல் அதை இப்படி மறைத்துவிடுவதில்லை. அழற்சி தொடங்கிய சில மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு நாட்களில் உச்சத்தைத் தொடும். காரணம் நீங்கினால், சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆகவே ஒற்றை எண்ணைவிட அதன் போக்கையே நான் பார்ப்பேன். இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு, கிருமித்தொற்று இல்லாமலேயே இரண்டாம், மூன்றாம் நாளில் சிஆர்பி நன்றாக ஏறும். அதைக் கண்டு பதற வேண்டாம். இறங்கி வந்தது மீண்டும் ஏறினால்தான் காரணத்தைத் தேட வேண்டும்.

அலகையும் பாருங்கள். ஒரு பரிசோதனைக்கூடம் லிட்டருக்கும் இன்னொன்று டெசிலிட்டருக்கும் மில்லிகிராம் கணக்கில் தருவதுண்டு. ஒரே அளவு ஓரிடத்தில் 40 என்றும், வேறிடத்தில் 4 என்றும் அச்சாகியிருக்கும்.

சிஆர்பியும் எல்லாம் சொல்லிவிடாது. அழற்சி எங்கே, எந்தக் கிருமியால் என்பது அதில் தெரியாது. வால்வில் தொற்று என்று சந்தேகம் வந்தால், ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துக் கண்டறியும் ரத்தக் கல்ச்சர் பரிசோதனை கட்டாயம். அதுவும் ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்பே, ஒன்றுக்கு மேற்பட்ட முறை ரத்தம் எடுத்து. மருந்துக் கடையில் வாங்கிய இரண்டு மாத்திரைகள் போதும், கல்ச்சரில் கிருமி வளராமல் போக. பிறகு எந்த மருந்து கேட்கும் என்று தெரியாமல் வாரக்கணக்கில் சிகிச்சை தர வேண்டிவரும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். இந்தக் குழந்தைகளுக்கு ரத்தத்தின் ஒரு பகுதி நுரையீரலில் வடிகட்டப்படாமல் நேராக உடலுக்குப் போகிறது. கிருமி மூளையில் சீழ்க்கட்டியாகத் தங்கலாம். தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒரு கை கால் தளர்வு ஆகியவற்றில் எது வந்தாலும், சிஆர்பி இயல்பாக இருந்தாலும், காய்ச்சலே இல்லாவிட்டாலும், அன்றே மூளை ஸ்கேன் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.