பத்துப் பேர் போகிறோம், குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்?

ஆண்டுத் தேர்வு முடிந்த நாளிலிருந்து ஜூனில் பள்ளி திறக்கும்வரை, சென்னைக்குத் தெற்கே நான் நடத்தும் குழந்தைகள் நல மருத்துவமனையில் திங்கட்கிழமைக் காலைகள் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். முந்தைய நாள் முழுவதையும் ஏதாவது ஒரு தீம் பார்க்கில் கழித்துவிட்டு வந்த குழந்தைகள் வாந்தி, காய்ச்சல், காதுவலி, வெயிலில் வெந்து சிவந்த தோள்கள் என்று வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். குழந்தையைத் தூக்கி வந்த பாட்டி குழந்தையைவிடச் சோர்ந்திருப்பதையும் நான் அடிக்கடி பார்க்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபி, எம்ஜிஎம் என்று முன்பே இருந்த பூங்காக்களோடு, 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லாவும் திறந்திருப்பதால், தாத்தா பாட்டி, பிள்ளைகள், பேரக்குழந்தைகள் என்று வேன் பிடித்துக் கிளம்பும் குடும்பங்கள் இனிக் கூடத்தான் செய்யும். இப்படிப் போவது நல்ல விஷயம் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. திட்டம் போடும் விதத்தைப் பற்றித்தான் சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

இத்தகைய பயணத்தை ஏற்பாடு செய்பவர் பெரும்பாலும் முப்பதுகளில் இருக்கும் மகனோ மகளோதான். கைப்பேசியில் டிக்கெட் எடுப்பதும், காலை எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்த ரைடில் முதலில் ஏறுவது என்று தீர்மானிப்பதும் அவர்தான். தம்முடைய கால்களின் வலுவையும் தம்முடைய பசியையும் அளவாக வைத்தே அவர் நாளை வகுக்கிறார். ஆனால் அந்த நாள் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை முடிவு செய்பவர்கள் இரண்டு வயதுப் பேத்தியும் எழுபது வயதுத் தாத்தாவும். இருவருக்கும் மதியத் தூக்கம் வேண்டும், இருவருக்கும் அடிக்கடி கழிப்பறை வேண்டும், வெயிலைத் தாங்கும் திறன் இருவருக்குமே குறைவு. எனவே என்னிடம் கேட்கும் பெற்றோர்களுக்கு, அந்த இருவரால் எத்தனை மணி நேரம் முடியும் என்று முதலில் கணக்கிட்டுவிட்டு, மற்றவர்களின் ஆசைகளை அதற்குள் பொருத்துங்கள் என்றே சொல்கிறேன். என் அனுபவத்தில் அது நான்கு மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. அதற்கு மேல் நிற்க விரும்புகிறவர்கள் நிற்கலாம்; சிறியவர்களையும் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு ஒரு வண்டி முன்னதாகத் திரும்புவதற்கான ஏற்பாட்டைக் கிளம்பும் முன்பே செய்துவிட வேண்டும்.

டிக்கெட் எடுக்கும் முன் குழந்தையைச் சுவரோரம் நிறுத்தி உயரத்தை அளந்துகொள்ளுங்கள். பல ரைடுகளுக்கு வயது வரம்பைவிட உயர வரம்பே முக்கியம். பெரிய ரைடுகளுக்கு 120 அல்லது 140 சென்டிமீட்டர் என்று வைத்திருப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி மூன்று வயதில் சராசரி உயரம் ஏறத்தாழ 96 சென்டிமீட்டர், ஐந்து வயதில் 110. ஏழு வயதை ஒட்டித்தான் 120 வருகிறது. அதாவது யு.கே.ஜி. படிக்கும் குழந்தைக்கு அந்தப் பூங்காவின் பெரும்பகுதி வேடிக்கை பார்ப்பதற்கு மட்டுமே. இதை வீட்டிலேயே குழந்தையிடம் சொல்லிவிட்டால் அங்கே போய் அழ வேண்டியிராது. அந்த வரம்பு குழந்தையின் தைரியத்தைச் சோதிப்பதற்காக வைத்தது அன்று; இருக்கையின் பிடிமானக் கம்பி அந்த உயரத்துக்கும் உடல் அளவுக்கும் ஏற்ப அமைக்கப்பட்டிருக்கிறது, சிறிய உடல் அதன் அடியில் நழுவிவிடும். ஆகவே ஒரு அங்குலம்தானே குறைகிறது என்று ரைடு இயக்குபவரிடம் தயவுசெய்து வாதாடாதீர்கள். கருவுற்றிருக்கும் மகளோ மருமகளோ உடன் வந்தால், குலுங்குவது, சுழல்வது, சறுக்குவது ஆகிய எதிலும் அவர் ஏறக் கூடாது; இதய நோய், முதுகுத்தண்டு வலி, அண்மையில் கண்புரை அறுவை சிகிச்சை ஆகியவை உள்ள பெரியவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மூன்று வயதுக் குழந்தையை என்னிடம் கொண்டுவந்தார்கள். குழந்தைகளுக்கான ஆழமற்ற குளத்தில், முழங்காலளவு நீரில், முகம் கவிழ்ந்து கிடந்தவனை வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த அம்மா ஒருவர் பார்த்துத் தூக்கியிருக்கிறார். அவன் பிழைத்துக்கொண்டான், நன்றாகவே இருக்கிறான். அன்று அந்தக் குடும்பத்தில் ஏழு பெரியவர்கள் குளத்தின் அருகிலேயே இருந்திருக்கிறார்கள். அப்பா, பாட்டி பார்க்கிறார் என்று நினைத்திருந்தார். பாட்டி, சித்தி தண்ணீரில்தானே நிற்கிறாள் என்று நினைத்திருந்தார். சித்தி, அண்ணன் வந்துவிட்டாரே என்று சாப்பாடு வாங்கப் போயிருந்தார். யாருமே அலட்சியமானவர்கள் இல்லை. குழந்தையை ஒருவர் மட்டும் அழைத்துப் போயிருந்தால் அவர் கண்ணை எடுத்திருக்கவே மாட்டார். ஆட்கள் கூடும்போதுதான் இந்தக் கண்காணிப்பு ஒருவர் கையிலும் நிற்காமல் நழுவுகிறது.

நீரில் மூழ்கும் குழந்தை கத்தும், கையை ஆட்டும், தண்ணீர் தெறிக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் மூச்சுக்குத் திணறும் குழந்தையால் கத்த முடியாது. வாய் நீருக்கு மேலே வரும் ஒரு கணத்தில் அது மூச்சை இழுக்கத்தான் பார்க்கும், அழைப்பதற்கு மூச்சு மிஞ்சாது. சுற்றிலும் பாட்டும் கூச்சலுமாக இருக்கும் அலைக்குளத்தில் இது ஒரு நிமிடத்துக்குள், யார் காதிலும் விழாமல், நடந்து முடிந்துவிடும். கையில் மாட்டும் காற்றடைத்த வளையங்களும் இடுப்பில் மாட்டும் வாத்து மிதவைகளும் விளையாட்டுச் சாமான்கள். அவை கழன்றுகொள்ளும், கவிழ்ந்துகொள்ளும். பூங்காவில் கிடைக்கும், அளவு சரியாகப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கி, கால்களுக்கு நடுவே வரும் அடிப்பட்டையையும் சேர்த்து மாட்டுங்கள். அதை மாட்டிய பிறகும், நீரில் இருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒரு பெரியவர் கை எட்டும் தூரத்தில், தாமும் நீரில், இருக்க வேண்டும். கரையில் நிற்கும் உயிர்காப்பாளர் ஒரே சமயத்தில் நூறு தலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இதற்கு நான் எல்லாக் குடும்பங்களுக்கும் சொல்லும் வழி மிக எளியது. பளிச்சென்ற நிறத்தில் ஒரு ரிப்பனையோ கைக்குட்டையையோ எடுத்துக்கொள்ளுங்கள். அதை மணிக்கட்டில் கட்டியிருப்பவரே அந்த நேரத்தில் குழந்தைக்குப் பொறுப்பு. அவர் கைப்பேசியைத் தொடக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, வரிசையில் நிற்கப் போகக் கூடாது. இருபது நிமிடம் ஆனதும் அடுத்தவரின் கையில் கட்டி, “குழந்தை இனி உங்கள் பொறுப்பு” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாங்குபவரும் “சரி, நான் பார்க்கிறேன்” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இரண்டு குழந்தைகள் இருந்தால் இரண்டு ரிப்பன்கள். தாத்தா பாட்டியிடம் தரையில் விளையாடும் நேரத்துக்கு இந்த ரிப்பனைத் தரலாம், நீர் விளையாட்டின்போது தரக் கூடாது. அவர்களுடைய கவனத்தில் குறையில்லை. வழுக்கும் தரையில் அவர்களால் ஓட முடியாது என்பதே காரணம்.

குழந்தை கூட்டத்தில் தொலைந்துபோவதும் இதே நழுவலால்தான். “உன் அப்பா பேர் என்ன?” என்று கேட்டால் “அப்பா” என்றும், “தாத்தா பேர்?” என்றால் “தாத்தா” என்றும் சொல்லும் குழந்தைகளை நான் தினமும் பார்க்கிறேன். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே அப்பா அம்மாவின் பெயர்களைச் சொல்லப் பழக்குங்கள். கைப்பேசி எண்ணைப் பேனாவால் குழந்தையின் முன்கையில் எழுதி, அதன் மேல் ஒளிபுகும் பிளாஸ்டர் ஒட்டினால் நீரில் அழியாது. வாசலில் நுழையும் முன் அன்றைய உடையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டால், என்ன சட்டை போட்டிருந்தான் என்று பதற்றத்தில் தடுமாற வேண்டியதில்லை. காணவில்லை என்று தெரிந்ததும் முதலில் நீர்நிலைகளில் தேடுங்கள். அதே வேளையில் இன்னொருவர் நுழைவாயில் காவலர்களிடம் சொல்லட்டும். காவல்துறைக்கு 112, குழந்தைகள் உதவி எண் 1098, ஆம்புலன்ஸுக்கு 108.

இனி பாட்டிகளைப் பற்றி. நான் குழந்தை மருத்துவர்தான் என்றாலும், குழந்தையோடு வரும் பாட்டியை நலம் கேட்காமல் அனுப்புவதில்லை. பூங்காக்களில் புடவையோடு நீர்ப் பகுதியில் இறங்க அனுமதிப்பதில்லை. நைலான் நீச்சலுடை அணிய அவருக்கு மனம் ஒப்பாது. விளைவு, எட்டுப் பேரின் செருப்புகளுக்கும் பைகளுக்கும் காவலாக அவர் ஒரு கொட்டகையில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். கழிப்பறை தூரத்தில் இருக்கிறது, தரை ஈரமாக இருக்கிறது, மூட்டுவலி வேறு. ஆகவே அவர் தண்ணீர் குடிப்பதில்லை. என் அம்மாவே பயண நாட்களில் சிறுநீர் அதிகம் பிரியும் இரத்த அழுத்த மாத்திரையைச் சொல்லாமல் விட்டுவிடுவார் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே தெரிந்தது. இதைப் பெரியவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள்; நாம்தான் கேட்க வேண்டும். பைகளை லாக்கரில் வையுங்கள். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாகக் கழிப்பறைக்கு அருகில் நிழலான ஓர் இடத்தைப் பிடியுங்கள். மணிக்கு ஒருமுறை மகளோ மருமகளோ பாட்டியோடு கழிப்பறை வரை போய்வந்தால், அவர் தயங்காமல் தண்ணீர் குடிப்பார். தமக்குப் பூங்காவே வேண்டாம் என்று அவர் சொன்னால் அதையும் மதியுங்கள்: திருப்போரூர் முருகன் கோயிலுக்கோ, மாமல்லபுரத்துக்கோ அடுத்த நாள் அதிகாலையில் எல்லோருமாகப் போவதையும் அந்தப் பயணத்தில் சேர்த்துவிடலாம்.

சர்க்கரை நோய் உள்ள தாத்தாக்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். கிளிமெபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகள் ரைடு முடித்து வரட்டும் என்று மதிய உணவைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். எனவே அவருடைய சாப்பாட்டு நேரம் யாருக்காகவும் மாறக் கூடாது. மற்றது கால். நீர்ப் பூங்காக்களில் செருப்பைக் கழற்றச் சொல்லுவார்கள். மே மாதச் சிமெண்ட் தரையில், கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளி சூடு தெரியாமலேயே நடந்து, மாலையில் பாதம் முழுவதும் கொப்புளத்தோடு வருவார். கோடையில் கோயில் பிரகாரம் சுற்றியவர்களிடமும் இதே காயத்தை மருத்துவர்கள் பார்க்கிறோம். தண்ணீரில் போடக்கூடிய ரப்பர் காலணிக்கு அனுமதி உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். நிறுத்திவைத்த வண்டிக்குள் இன்சுலினை விட்டுப் போகாதீர்கள். தூங்குகிற குழந்தையையும் அங்கே ஐந்து நிமிடத்துக்குக்கூட விடாதீர்கள். மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் பத்து டிகிரி அளவுக்கு ஏறிவிடும்.

காலத்தைப் பற்றிச் சொல்வதானால், கைக்குழந்தையும் முதியவரும் உள்ள குடும்பம் அக்னி நட்சத்திர நாட்களில் போகவே வேண்டாம் என்பது என் கருத்து. ஜனவரி, பிப்ரவரியில் ஒரு வார நாளில் பள்ளிக்கு ஒருநாள் விடுப்பு எடுத்துப் போவது எவ்வளவோ மேல். மே மாதம்தான் முடியும் என்றால், பன்னிரண்டு முதல் மூன்று வரை கூரையுள்ள இடத்தில் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் ஒதுக்குங்கள். கடலோரப் புழுக்கத்தில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை, ஆகவே உடல் குளிர்வதும் இல்லை. விளையாடிக்கொண்டிருந்த குழந்தை சுணங்கிப்போனால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை என்றால், அன்றைய விளையாட்டு முடிந்தது என்று பொருள். உடல் நெருப்பாகக் கொதித்து, பேச்சு குழறி, நினைவு மங்கினால் அது வெப்பவாதம். அதற்குப் பாராசிட்டமால் பயன்படாது. உடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

ஓஆர்எஸ் பொட்டலங்களை மருந்துக்கடையில் வாங்கி எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு நீரில் கரைக்க வேண்டும் என்று உறையில் இருப்பதைப் படித்து, அந்த அளவிலேயே கரையுங்கள். அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் ‘ஓஆர்எஸ்’ என்ற பெயரில் விற்கப்பட்டதை நம்பிப் பல ஆண்டுகள் மக்கள் ஏமாந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் உண்டு. அந்தப் பானங்களில் சர்க்கரை பல மடங்கு, அது வயிற்றுப்போக்கைக் கூட்டும். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அத்தகைய பானங்களின் பெயரில் ‘ஓஆர்எஸ்’ என்ற சொல் வரக் கூடாது என்று உத்தரவிட்டது. பயண வாந்திக்கு வீட்டில் இருக்கும் புரோமெத்தசின் மாத்திரையை உடைத்து இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். மூச்சையே அடக்கிவிடக்கூடிய மருந்து அது.

வேனில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது பாசமான வழக்கம்தான். ஆனால் திடீரென்று பிரேக் பிடித்தால் எந்தத் தாத்தாவின் கைகளாலும் அந்த எடையைப் பிடித்து நிறுத்த முடியாது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு இருக்கைப் பட்டையையோ குழந்தை இருக்கையையோ கட்டாயமாக்கியிருக்கிறது.

வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையைக் குளத்தில் இறக்காதீர்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி முறையாகக் குளோரின் கலந்த நீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும், மற்றக் குழந்தைகளுக்கும் பரவும். வீடு திரும்பிய இரவில், நீரில் மூழ்கி எழுந்து இருமிய குழந்தை இருந்தால், இருமல் தொடர்கிறதா, மூச்சு வேகமாகிறதா, வழக்கத்துக்கு மாறாகத் துவண்டு கிடக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அடுத்த இரண்டு வாரங்களுக்குள் கடும் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு ஏதேனும் வந்தால், குழந்தை நீர்ப் பூங்காவில் விளையாடியது, மூக்கில் தண்ணீர் ஏறியது, அது எந்தத் தேதி என்பதை மருத்துவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கேரளத்தில் அண்மை ஆண்டுகளில், நீரிலிருந்து மூக்கு வழியாக ஏறும் அமீபாவால் வந்த மூளைக்காய்ச்சலைப் பார்த்த பிறகு, அந்த ஒரு தகவலுக்காக நாங்கள் காத்திருக்கிறோம்.