வளர்பிறையில் திட்டம், தேய்பிறையில் கணக்கு

பௌர்ணமி என்றால் கிரிவலத்துக்குத் திருவண்ணாமலை பஸ் ஏறுவதும், மாசி மகம் என்றால் தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ கடலாடுவதும் கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்குப் பழக்கமானவை. நிலவைப் பார்த்துச் சொந்த இலக்குகளைத் திட்டமிடச் சொல்லும் வழக்கம் சமீபத்தில் பரவியது. அமாவாசையில் எண்ணத்தை விதைக்க வேண்டும், பௌர்ணமியில் வேண்டாததை விட வேண்டும் என்கிறார்கள். முறை உருப்படியானதுதான். அதற்குச் சொல்லப்படும் காரணத்தில்தான் கோளாறு.

"கடலையே இழுக்கும் நிலா, பாதிக்கு மேல் தண்ணீராலான நம் உடலை இழுக்காதா?" என்பது வழக்கமான வாதம். கடல் ஏறி இறங்குவது அது தண்ணீர் என்பதால் மட்டும் அல்ல, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரந்து கிடப்பதால். நிலா பக்கத்தில் உள்ளதைக் கொஞ்சம் அதிகமாகவும் தொலைவில் உள்ளதைக் கொஞ்சம் குறைவாகவும் இழுக்கிறது; அந்த வித்தியாசம்தான் ஓதத்துக்கு, அதாவது கடலின் ஏற்ற இறக்கத்துக்கு, காரணம். பூமியின் மையத்துக்கும் மேற்பரப்புக்கும் இடையே, சுமார் 6,400 கி.மீ. தூரத்துக்கு, அது புவியீர்ப்பில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு பங்கு. ஆறடி உடம்பில் தலைக்கும் காலுக்கும் இடையே அதைவிட முப்பது லட்சம் மடங்குக்கு மேல் குறைவு. போதாததற்கு, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஒரே மாதிரிதான் பொங்குகிறது. ஒன்று விதைக்க, இன்னொன்று விட என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை.

தூக்கத்தின் கதை வேறு. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் தூக்கம் சராசரியாக 20 நிமிடம் குறைந்திருந்தது. அர்ஜென்டினாவின் பழங்குடிக் கிராமங்களையும் அமெரிக்காவின் சியாட்டில் மாணவர்களையும் பார்த்த 2021 ஆய்விலோ, பௌர்ணமிக்கு முந்தைய சில இரவுகளில் மக்கள் தாமதமாகத் தூங்கினார்கள், குறைவாகவும் தூங்கினார்கள். எந்த விளைவும் தெரியாத ஆய்வுகளும் உண்டு. ஆகவே இதைப் பெரிதுபடுத்த வேண்டாம். பௌர்ணமி இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து வாழ்க்கையை மாற்றும் முடிவு எடுக்காமல் இருந்தால் போதும்.

முறை ஏன் வேலை செய்கிறது என்பதற்கான விடை மனித மனத்தில் இருக்கிறது. வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், பிறந்தநாள் போன்ற நாட்களை ஒட்டி மக்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்கு அதிகம் போவதை 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. புதிய தொடக்கமாகத் தோன்றும் நாள் பழைய சறுக்கல்களை 'அது அப்போ' என்று ஒதுக்க உதவுகிறது. அமாவாசையை 'நிறைந்த நாள்' என்று கருதி வேலை தொடங்கும் தமிழ்நாட்டு வழக்கத்துக்கும் இந்தப் பலன் உண்டு.

இனி நிலா என்ற கடிகாரத்தைப் படிக்கும் விதம். சூரியனைவிட்டு நிலா 12 பாகை விலக ஆகும் நேரம் ஒரு திதி. முப்பது திதி ஒரு சுற்று, சராசரி 29.53 நாள். நிலாவின் பாதை நீள்வட்டம் என்பதால் அதன் வேகம் மாறுகிறது. திதி சுமார் 20 மணி முதல் 26 மணி வரை நீளும். அதனால் அமாவாசையிலிருந்து பதினான்கு நாள் எண்ணிப் பௌர்ணமி என்று குறித்தால் தப்பும். நாட்காட்டியைப் பார்த்தே குறிக்க வேண்டும். அதில் 'அமாவாசை இத்தனை மணி வரை' என்று இருக்கும் அல்லவா, அந்த முடிவு நேரம்தான் சூரியனும் நிலாவும் ஒரே திசையில் சேரும் கணம். பழைய வாய்பாடுகளை வைத்துக் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கமும் இன்றைய வானியல் கணக்கை வைத்துக் கணிக்கும் திருக்கணிதமும் இதில் சில மணி நேரம் வேறுபடலாம். வானத்தோடு ஒத்துப்போவது திருக்கணிதம்.

அமாவாசையன்று பல வீடுகளில் தர்ப்பணம், படையல் என்று நேரம் போய்விடும். மறுநாள் மாலை ஒரு நோட்டில் நாளுக்கு ஒன்றாக முப்பது கட்டம் போட்டு, மேலே ஒரே ஓர் இலக்கை எழுதுங்கள்; செய்து முடித்த நாளின் கட்டத்தை நிரப்புங்கள். 'உடம்பைக் குறைப்பேன்' என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. 'காலை டீ குடித்து முடித்ததும், புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலை வரை நடந்து திரும்புவேன்' என்று எப்போது, எங்கே, என்ன என்பதைச் சேர்த்து எழுத வேண்டும். இப்படி எழுதப்பட்ட திட்டம் வெறும் ஆசையைவிட நன்றாக நிறைவேறுகிறது என்பது பல பத்து ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்தது. அதற்கு அடுத்த நாள் மாலை மூன்றாம் பிறையையும் பார்த்துவிட ஆசைப்பட்டால் பீச்சுக்குப் போகாதீர்கள். நம் கடல் கிழக்கே. பிறை மேற்கே, சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கிவிடும். மொட்டை மாடிதான் சரி.

வளர்பிறை அஷ்டமியில் அரை நிலா சூரியன் மறையும்போது உச்சிக்கு அருகே நிற்கும். கட்டங்களை எண்ண அதுவே நாள். அஷ்டமி, நவமியில் புதிதாக எதையும் தொடங்கமாட்டோம் என்பவர்களுக்கும் தடையில்லை, இது தொடக்கம் அல்லவே. அதுவரை கடந்த நாட்களில் பாதிக் கட்டம்கூட நிரம்பவில்லையென்றால் மன உறுதியைக் குறை சொல்லாமல் அளவைப் பாதியாக்குங்கள்: டூப்ளே சிலை வரை போக வேண்டாம், பாதி தூரம் போதும்.

பௌர்ணமி நிலா சூரியன் மறையும் நேரத்தை ஒட்டிக் கடலிலிருந்து எழும். புதுச்சேரி கடற்கரைச் சாலையிலோ கடலூர் வெள்ளிக் கடற்கரையிலோ உட்கார்ந்து, எது நடந்தது, எது தடுத்தது என்று பதினைந்து நிமிடம் எழுதலாம். மறுநாள் அதே நேரத்துக்குப் போனால் ஏமாற்றம்தான். நிலா நாளுக்குச் சராசரி 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது.

பலர் கைவிடுவது தேய்பிறையில். நிலா கண்ணில் படாததே முக்கியக் காரணம்: தேய்பிறை அஷ்டமியில் அது நள்ளிரவை ஒட்டித்தான் உதிக்கும். ஆனால் காலை ஆறு மணிக்குத் தலைக்கு மேலே பார்த்தால் இருக்கும். எனவே இந்தப் பாதியில் எழுதுவதைக் காலைக்கு மாற்றுங்கள். புதிதாக எதையும் சேர்க்காமல், தடையாக இருந்த ஒன்றை மட்டும் நீக்குங்கள். படுக்கையருகே இருக்கும் போன் நல்ல தொடக்கம்.

ஒரு சுற்றிலேயே பழக்கம் படியும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. லண்டனில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை போனது. இரண்டு சுற்று முடிய 59 நாள்தான். ஆகவே மூன்றாவது சுற்று முடியும் முன் இலக்கை மாற்றாதீர்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போவதால் பெரிய பாதகமில்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது.

பண இலக்குகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்துவராது. பன்னிரண்டு சுற்று 354 நாள். சம்பளத் தேதியோடு ஆண்டுக்குப் பதினொரு நாள் விலகும். சீட்டு, கடன், சேமிப்பு எல்லாம் ஒன்றாம் தேதியோடே இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வானம் மூடிக்கொண்டால் நாட்காட்டியே போதும்.