கச்சான் காற்றும் மீன்தொட்டி மூடியும்

செடி வளர்க்கும் மீன்தொட்டிக்கு மூடி தேடுபவர்கள் முதலில் கேட்பது, எதில் வெளிச்சம் கூடுதலாக இறங்கும் என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதன் பதிலை வைத்து மூடியைத் தெரிவு செய்ய முடியாது. காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போது ஏறத்தாழ 4 சதவீத ஒளி திரும்பிவிடும். மறுபக்கம் வெளியேறும்போது இன்னொரு 4 சதவீதம். அக்ரிலிக் பிளாஸ்டிக்கின் முறிவுச்சுட்டியும், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவும், கண்ணாடியைப் போலவே 1.5 அளவுதான். ஆகவே சுத்தமான மெல்லிய தகடு இரண்டில் எதுவானாலும் 90 சதவீதத்துக்கு மேல் ஒளி கீழே போய்ச் சேரும். இலங்கை ஓடைகளுக்கே உரிய கிரிப்டோகொரைன் என்ற நீர்ச்செடி வகைகளுக்கு, அவை நிழலிலும் வளர்பவை, அந்த இழப்பு ஒரு பொருட்டே இல்லை. கூரைக்குப் போடும் இரட்டைச் சுவர் பொலிகாபனேற் பிளாஸ்டிக் தகட்டில் நான்கு பரப்புகள் இருப்பதால் இழப்பு இரட்டிப்பாகும், அவ்வளவுதான்.

திருகோணமலையில் மூடியைத் தீர்மானிக்க வேண்டியது கச்சான் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது அமுக்கம் கூடிச் சூடேறி, உலர்ந்துபோய் நம்மிடம் வருகிறது. மே முதல் ஓகஸ்ட் வரை உப்புவெளியிலும் நிலாவெளியிலும் நண்பகல் வெயிலோடு இந்தக் காற்றும் சேர்ந்தால் தொட்டி நீர் 30 பாகையைச் சுலபமாகத் தாண்டும். 25 பாகையில் ஒரு லீற்றர் நீர் 8.3 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 30 பாகையில் 7.6 மட்டுமே. அதே வேளை சூடு ஏற ஏற மீனும் செடியும் கூடுதலாகச் சுவாசிக்கின்றன.

இங்கேதான் மூடி முக்கியமாகிறது. ஒரு லீற்றர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2400 கிலோயூல் வெப்பம் தேவை. 60 லீற்றர் தொட்டியில் அரை லீற்றர் ஆவியானால், வெளியிலிருந்து வெப்பம் வராத பட்சத்தில், நீர் கிட்டத்தட்ட 5 பாகை குளிர்ந்துவிடும். அறை திரும்ப வெப்பம் கொடுப்பதால் நடைமுறையில் இவ்வளவு இறங்காது. ஆனாலும் மண்பானைத் தண்ணீரைக் குளிர்விப்பது இதே வேலைதான். இறுக்கமாக மூடினால் உள்ளே காற்று ஈரத்தால் நிறைந்து, ஆவியாதல் ஏறக்குறைய நின்றுவிடும். செடிக்கு நல்லதென்று நினைத்துத் தொட்டியை முழுதாக மூடிவைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

அக்ரிலிக் வளைவதும் இதே காற்றால்தான். அது தன் எடையில் 2 சதவீதம் வரை நீரை உறிஞ்சி விரியும். கீழ்ப்பக்கம் எப்போதும் ஈரம்; மேல்பக்கத்தைக் கச்சான் உலர்த்துகிறது. கீழே விரிய, மேலே விரியாதிருக்க, நடுப்பகுதி தொங்கி மூலைகள் மேலே கிளம்பும். மூலை கிளம்பினால் போதும், ஃபைட்டர் மீன் பாய்ந்து வெளியே வந்துவிடும். பொலிகாபனேற் மிகக் குறைவாகவே உறிஞ்சும், அதனால் இப்படி வளையாது. ஆனால் புற ஊதாப் பூச்சு இல்லாவிட்டால் வெயில் படும் இடத்தில் மஞ்சளாகும். கண்ணாடி நீரை உறிஞ்சுவதே இல்லை. பாரம்தான் கூட: 60க்கு 30 சென்ரிமீற்றர் அளவில் 4 மில்லிமீற்றர் கண்ணாடி 1.8 கிலோ, அக்ரிலிக் அதில் பாதிக்கும் குறைவு.

என் தெரிவு, இரண்டு துண்டாக வெட்டி விளிம்பு தேய்த்த 4 மில்லிமீற்றர் கண்ணாடி, பின்பக்கம் இரண்டு விரல் இடைவெளியோடு. அந்த இடைவெளியில் மட்டும் வலைத்துண்டு ஒன்று. வாடைக்காற்று மாதங்களுக்கு இது போதும். கச்சான் தொடங்கியதும் ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டுச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய நுளம்பு வலையைப் போடுங்கள். வலை கொஞ்சம் ஒளியை மறைக்கும். அதை ஈடுகட்ட விளக்கைக் கூடுதலாக ஒரு மணிநேரம் எரியவிடாதீர்கள், பாசிதான் பிடிக்கும்.

கண்ணாடியின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணாம்பு, இழக்கும் ஒளியில் பெரும்பங்கைக் குடித்துவிடும். வினாகிரியில் நனைத்த துணியால் துடைத்தால் போகும். அக்ரிலிக்கை அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும். அப்புறம், வலை போட்ட மாதங்களில் நீர் வேகமாகக் குறையும். கிணற்று நீரையே ஊற்றி நிரப்பினால் கரைந்த உப்புகள் தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும், ஏனென்றால் ஆவியாவது நீர் மட்டுமே. சேமித்த மழைநீர் இருந்தால் அதை ஊற்றுங்கள். இல்லையென்றால் வாரத்துக்கு ஒருமுறை கால்வாசி நீரை வெளியே எடுத்துவிட்டு நிரப்புங்கள்.